மின்னல் அடித்தாலும் டெய்லர் டெய்லர்தான்

இன்று காலையும் ஒரு ஷிபு ரீல்ஸ். பின்னணியில் ‘உயிரே’ பாட்டு, கண் கலங்கி நிற்கும், ஷிபுவாக நடித்த குரு சோமசுந்தரத்தின் முகம், கீழே ‘28 வருடக் காதல்’ என்று எழுத்து. நானூறு பேர் இதயம் விட்டிருந்தார்கள். நான் விடவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் ஷிபு வில்லனாக வரும் மலையாளப் படம் ‘மின்னல் முரளி’யை முதலிலிருந்து பேச வேண்டும்.

2021 டிசம்பர் 24 அன்று நெட்ஃபிளிக்ஸில் வந்த அன்றைக்கே அப்பாவோடு உட்கார்ந்து தமிழ் டப்பிங்கில் பார்த்தேன். அப்பா முப்பது வருடம் டெய்லர் கடை வைத்திருந்தவர். நாயகன் ஜெய்சனும் டெய்லர் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். குறுக்கன்மூலை என்ற கற்பனைக் கிராமம், தொண்ணூறுகளின் கேரளம், அமெரிக்கா போகத் துடிக்கும் ஒரு வெட்டி பந்தா இளைஞன். அவன் மேல் மின்னல் விழுகிறது. அதே இரவில் டீக்கடையில் வேலை செய்யும் ஷிபு மேலும் விழுகிறது.

சாதாரண மனிதனுக்குத் திடீரென்று சக்தி வந்தால் என்ன செய்வான்? பெரும்பாலான படங்களில் பத்தே நிமிடத்தில் உலகத்தைக் காப்பாற்றக் கிளம்பிவிடுவான். இயக்குநர் பாசில் ஜோசஃப் அந்த அவசரம் காட்டவில்லை. ஜெய்சனுக்கு முதலில் தோன்றுவது பழைய கடுப்பைத் தீர்த்துக்கொள்வதுதான். முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு போய் போலீஸ்காரர்களை வெளுக்கிறான். இத்தனைக்கும் அவனுடைய மச்சானே ஒரு கான்ஸ்டபிள்! சக்தி என்னென்ன செய்யும் என்று சோதித்துப் பார்ப்பதோ அக்கா மகன் ஜோஸ்மோன். சூப்பர் ஹீரோக்களைக் கரைத்துக் குடித்த பொடியன் அவன். மாமனைப் பள்ளிக்கூட லேப் எலி மாதிரி நடத்தும் அந்தக் காட்சிகளில் அப்பா வாய்விட்டுச் சிரித்தார். மின்னல் அடித்தும் ஜெய்சனின் புத்தி அப்படியேதான் இருக்கிறது. படத்தின் நகைச்சுவை முழுக்க அதில்தான் நிற்கிறது.

ஷிபு விஷயத்துக்கு வருகிறேன். அவனுக்கும் புத்தி மாறவில்லை. 28 வருடமாக மனசில் வைத்திருந்த உஷா ஊருக்குத் திரும்பி வந்ததும் அவள் மகளின் சிகிச்சைக்காக வங்கியைக் கொள்ளையடிக்கிறான். அதுவரை எனக்கும் அவன் பக்கம்தான் மனசு. ஆனால் உஷாவின் உடன்பிறந்த தாசனைக் கொல்வதும் அவன்தானே? ரீல்ஸ் போடுகிறவர்கள் அந்தக் காட்சியை மட்டும் கத்தரித்துவிடுகிறார்கள். ஊர் அவனைப் பைத்தியம் என்று ஒதுக்கியது, கடைசியில் அவன் ஊருக்கே தீ வைத்தது, எல்லாம் உண்மை. அதற்காக அவனைக் காதல் தெய்வமாக்கிச் சட்டம் போட்டு மாட்டினால், படம் எடுத்தவர் பட்ட பாடு வீண். அவன் பாவம், அவன் கொலைகாரன் என்று இரண்டையும் ஒரே முகத்தில் பார்க்க வைத்திருக்கிறார் குரு சோமசுந்தரம். உஷா சம்மதம் சொன்னதும் சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் அந்த முகம் கோணுவதைப் பாருங்கள். எனக்கு அந்த இடத்தில் சந்தோஷத்தோடு லேசாகப் பயமும் வந்தது.

இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. 2016இல் ‘ஜோக்கர்’ படத்தில் மன்னர் மன்னனாக அவர் நின்ற பிறகும், நாம் அவரைக் கொஞ்ச நாள் பாராட்டிவிட்டு மறந்துபோனோம். பக்கத்து மாநிலத்துக்காரர் கூப்பிட்டு ஷிபுவைக் கொடுத்த பிறகுதான் ‘அட, நம்ம ஆளு’ என்று ஸ்டேட்டஸ் போட்டோம். நானும் போட்டேன்.

சொல்ல மறந்துவிட்டேன். 2020 மே மாதம், ஊரடங்கின்போது, காலடி அருகே பெரியாற்றங்கரையில் இந்தப் படத்துக்காகப் போட்டிருந்த சர்ச் செட்டை ஒரு கும்பல் இடித்தது. பக்கத்தில் கோயில் இருக்கிறதாம். மரமும் அட்டையுமாக நின்ற சர்ச்! அந்தக் காட்சியை யாராவது திரைக்கதையில் எழுதியிருந்தால் நம்ப முடியவில்லை என்று நாமே சொல்லியிருப்போம்.

படம் முடிந்ததும் அப்பாவிடம் எப்படி என்று கேட்டேன். எல்லாம் சரி, ஜெய்சன் தன் சூப்பர் ஹீரோ உடையைத் தானே தைத்துப் போட்டுக்கொண்டு வருகிறானே, அது ஒன்றுதான் இடிக்கிறது என்றார்.

“டெய்லர் எவன்டா தனக்குத் தேவைப்படுற நேரத்துல தன் துணியைத் தைச்சு முடிச்சிருக்கான்?”

எங்கள் வீட்டில் தீபாவளிச் சட்டைக்குப் பட்டன் கட்டி முடிக்கும்போது மணி எப்போதும் காலை பதினொன்று ஆகியிருக்கும்.