காட்ஜில்லா போட்ட ஆட்டம்

காட்ஜில்லா என்பது அணுகுண்டுச் சோதனையால் கிளம்பி வந்து நகரத்தை அழிக்கும் ராட்சத மிருகம். 1954இல் ஜப்பானில் வந்த முதல் காட்ஜில்லா படத்தில் ஒரு காட்சி. நகரம் எரிந்து முடிந்திருக்கிறது. மருத்துவமனை முழுக்கக் காயம்பட்டவர்கள். கதிர்வீச்சு அளக்கும் கருவியை ஒருவர் ஒரு குழந்தையின் அருகே கொண்டுபோகிறார். கருவி படபடக்கிறது. அவர் தலையை மட்டும் அசைக்கிறார், ஒரு வார்த்தை இல்லை.

பதினோரு வருஷம் கழித்து, 1965இல் வந்த படத்தில், அதே காட்ஜில்லா வேற்றுக் கிரகத்துக்குப் போய் கிடோரா என்ற மூன்று தலை மிருகத்தை விரட்டிவிட்டு, சந்தோஷத்தில் துள்ளித் துள்ளி ஆட்டம் போடுகிறது.

நேற்று ராத்திரி இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். அந்த ஆட்டத்தைத்தான் 'மூலப் படத்துக்கே அவமானம்' என்று ரசிகர்கள் பலர் திட்டுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் படம் குழந்தைகளோடு விளையாடுகிறது. விளையாடுகிறேன் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. எனக்குக் கோபம் வருவது வேறு வகைத் தொடர்ச்சிப் படங்கள் மேல். முதல் படத்தில் கைதட்டு வாங்கிய காட்சியை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து வைத்துவிட்டு, 'பாருங்கள், எவ்வளவு விசுவாசம்' என்று நிற்கும் படங்கள்.

1993இல் வந்த டைனோசர் படமான ஜுராசிக் பார்க்கில் டம்ளர் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை எழும். டம்ளருக்கு அடியில் கிட்டார் கம்பியைக் கட்டி மீட்டி எடுத்த அலை அது. வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் என்ன வரப்போகிறது என்று நமக்குத் தெரியாது. தொடர்ச்சிப் படத்தில் இரண்டாவது தடவை தண்ணீர் அதிரும்போது நமக்குத் தெரியும். பயம் போய், 'அட, பழைய சீன்' என்ற சிரிப்புதான் மிச்சம்.

அப்போ எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது? மிருகத்துக்கென்று இருக்கும் விதியைத் தொடாதீர்கள், மற்றதெல்லாம் உங்கள் பாடு என்பேன். 1979இல் வந்த விண்வெளித் திகில் படமான ஏலியனில் இருந்தது ஒரே ஒரு ஜந்து. 1986இல் அடுத்த பாகத்தை இயக்கிய ஜேம்ஸ் கேமரூன் அதைக் கூட்டமாக்கினார், துப்பாக்கியோடு வீரர்களை இறக்கிவிட்டார், படத்தின் சுபாவமே மாறிப்போனது. ஆனால் அமில ரத்தம் அதேதான், முட்டையிலிருந்து மனித உடம்புக்குள் போகும் வழியும் அதேதான். 'சரி, இத்தனை முட்டையையும் போட்டது யார்?' என்று கேட்டு ராணியைக் கொண்டுவந்தார். முதல் படத்தை ஊன்றிப் பார்த்தவருக்குத்தான் அந்தக் கேள்வி வரும். அப்புறம் 2017இல், முதல் படத்தை எடுத்த ரிட்லி ஸ்காட்டே திரும்பி வந்து, அந்த ஜந்து ஓர் இயந்திர மனிதனின் ஆய்வில் உருவானது என்று விளக்கம் கொடுத்தார். யார் கேட்டார்கள்? பெற்றவரே ஆனாலும் இது தப்புதான்.

1998இல் வந்த அமெரிக்கக் காட்ஜில்லாவும் இதே கதைதான். ராணுவத்தைக் கண்டு ஓடி ஒளிகிறது, கடைசியில் ஏவுகணை பட்டுச் சாகிறது. குண்டு துளைக்காத ஒன்றின் முன்னால் மனிதன் கையைப் பிசைந்து நிற்பதுதானே காட்ஜில்லா! மூலக் காட்ஜில்லாவை எடுத்த ஜப்பானின் தோஹோ நிறுவனம் பிற்பாடு அந்தப் பிராணிக்கு 'ஜில்லா' என்று பெயர் வைத்தது. அதோடு விடாமல், 2004 படத்தில் தங்கள் காட்ஜில்லாவை விட்டுச் சில நொடிகளில் கதையை முடித்தது. இந்தக் குசும்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

2016 ஷின் காட்ஜில்லாவில் பழைய கதையின் தொடர்ச்சி கிடையாது. மிருகம் முதலில் முழித்த மீன்கண்ணோடு தெருவில் தவழ்ந்து வருகிறது. பார்க்கவே அருவருப்பு. அது வீடுகளை இடித்துக்கொண்டிருக்க, அதிகாரிகள் கூட்டத்துக்கு மேல் கூட்டம் போடுகிறார்கள். 2011 சுனாமியையும் அணு உலை விபத்தையும் கண்ட நாடு எடுத்த படம் என்பது ஒவ்வொரு காட்சியிலும் தெரிகிறது. 1954 படம் அணுகுண்டை நினைத்து நடுங்கியது, இது அணு உலையை நினைத்து நடுங்குகிறது. முதுகு முள்ளின் வடிவம் மாறிவிட்டது என்று சண்டை போடுபவர்கள் போடட்டும். அந்தக் குழந்தை அருகே படபடத்த கருவிக்கு இத்தனை தொடர்ச்சிகளில் மிக அருகில் வந்தது இந்தப் படம்தான்.

மற்றபடி, 1965 ஆட்டத்தை நேற்று இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.