ஈரக் கொண்டையோடு படுக்காதீர்கள்

ஈரத்தலையோடு படுப்பது பற்றிய உங்கள் கட்டுரையில், அதனால் தடிமன் (சளி) வராது, அது வைரஸால் வருவது என்று சொன்னது சரி. ஆனால் தலைத்தோலைப் பற்றி ஒரே வரியோடு விட்டுவிட்டீர்கள். இங்கே கிளிநொச்சிப் பக்கம் வயல் வேலை முடிந்து பொழுதுபட்ட பிறகுதான் பெண்கள் கிணற்றடிக்குப் போவார்கள். முழுகிவிட்டு, காய முதலே கொண்டை போட்டுப் படுத்துவிடுவார்கள். மார்கழி மழையில் என் அக்காவின் கொண்டையை விடிய அவிழ்த்தால் உள்ளுக்குள் இன்னும் ஈரம், தலையணை உறையில் பூஞ்சண மணம். பொடுகுக்குக் காரணமான மலசீசியா பூஞ்சை எல்லோர் தலையிலும் இருப்பதுதான், ஈரமும் சூடும் சேர்ந்தால் பெருகும். நனைந்த தலைமயிர் ஊதி இளகியிருக்கும், தலையணையில் உரசினாலே சுலபமாக அறுந்துவிடும். அக்காமாரே, எவ்வளவு களைப்பென்றாலும் துவாயால் ஒற்றி, விரித்துவிட்டுக் கொஞ்ச நேரம் விசிறிக்கு முன்னால் இருங்கள். அப்புறம் படுக்கலாம். தலையணை உறையையும் வெயில் கண்ட நாளில் காயப்போடுங்கள்.