நஞ்சுக்கொடி கீழே இருக்காம், அதுக்காகப் படுத்தே கிடக்கணுமா?

தோழி ஒருத்தி பன்னிரண்டாவது வார ஸ்கேன் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். ‘பிளசென்டா ஆன்டீரியர், லோ லையிங்’ (நஞ்சுக்கொடி முன்பக்கம், கீழே) என்ற வரியைச் சுற்றி சிவப்பு மையில் வட்டம், கீழே அவள் கேள்வி: "எழுந்து நடக்கலாமா?" ரிப்போர்ட்டைக் கொடுத்தவர்கள் இரண்டு நிமிஷம் விளக்கியிருந்தால் அவள் ராத்திரி முழுக்க கூகுளைக் குடைந்திருக்க மாட்டாள். எனக்கு அந்தக் கோபம்தான்.

பன்னிரண்டாவது வாரத்தில் நஞ்சுக்கொடி கீழே இருப்பது ரொம்ப சகஜம். கர்ப்பப்பை வளர வளர அதன் கீழ்ப்பகுதி நீண்டு விரியும், அதோடு சேர்ந்து நஞ்சுக்கொடியும் கர்ப்பப்பை வாயை விட்டு மேலே விலகிப் போகும். இருபதாவது வார ஸ்கேனில் கீழே இருப்பவையே சுமார் பத்தில் ஒன்பது பிரசவத்துக்குள் விலகிவிடுகின்றன. அதனால்தான் 32 வாரம் வாக்கில் மறுபடி பார்க்கச் சொல்கிறார்கள். வாயிலிருந்து 20 மில்லிமீட்டருக்குள் இருந்தால் ‘லோ லையிங்’, வாயையே மூடியிருந்தால் ‘பிரீவியா’. கடைசிவரை மூடியே இருந்தால் சிசேரியன்தான். ஆனால் படுத்தே கிடப்பதால் நஞ்சுக்கொடி ஒரு மில்லிமீட்டர்கூட மேலே ஏறாது. ஒன்றை மட்டும் லேசாக விடாதீர்கள்: முன்பு சிசேரியன் ஆகி, இப்போது நஞ்சுக்கொடி முன்பக்கம் கீழே இருந்தால், அது பழைய தழும்பில் ஆழமாக ஒட்டியிருக்கிறதா என்று கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆன்டீரியர் என்றால் முன்சுவரில் ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். குழந்தைக்கும் வயிற்றுக்கும் நடுவில் அது இருப்பதால் ஆரம்ப அசைவுகள் கொஞ்சம் தாமதமாகத் தெரியலாம். வலப்பக்கம் இருந்தால் ஆண், இடப்பக்கம் இருந்தால் பெண் என்று சொல்லும் அதிமேதாவிகள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. சிரித்துவிட்டு நகருங்கள்.

அப்புறம் இந்த மசக்கை. வாந்தி, களைப்பு, மார்பகங்களில் வலி, அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல் எல்லாம் பெரும்பாலும் ஹார்மோன் வேலை, நஞ்சுக்கொடி முன்னாலா பின்னாலா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. குமட்டல் ஆறாவது வாரம் வாக்கில் தொடங்கி, பலருக்கு மூன்று நான்கு மாதத்தில் அடங்கிவிடும். நஞ்சுக்கொடி சுரக்கும் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோனுக்கு இதில் பெரிய பங்கு உண்டு என்று 2023இல் வந்த ஆய்வு காட்டியது. ஆக, "எல்லாம் மனசுதான் காரணம்" என்று கர்ப்பிணியிடம் சொல்பவர்கள் தயவுசெய்து வாயை மூடிக்கொள்ளலாம். வாந்தியே வராதவர்களும் இருக்கிறார்கள், அதை மட்டும் வைத்து எதுவோ கோளாறு என்று பயப்பட வேண்டாம்.

தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, அதிக ரத்தப்போக்கு, ஒரு பக்கமாகக் கடும் வயிற்றுவலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம் — இவற்றில் எது வந்தாலும் ஃபேஸ்புக்கில் கேட்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு வலியே இல்லாமல் பளிச்சென்ற சிவப்பில் ரத்தம் வந்தாலும் அப்படித்தான். லேசாகக் கறை பட்டாலும் டாக்டருக்குச் சொல்லிவிடுங்கள்.

சரி, அடுத்த ஸ்கேனில் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: கர்ப்பப்பை வாயிலிருந்து எத்தனை மில்லிமீட்டர்? மறுபடி எப்போது பார்க்கணும்? பதிலை ரிப்போர்ட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.