முயலின் வயிற்றுக்குப் பட்டினி ஓய்வாகாது

"முயல் சாப்பிடாவிட்டால் இரண்டு நாள் வயிற்றுக்கு ஓய்வு கொடுங்கள், தானாகச் சரியாகிவிடும்" என்று ஒருவர் எழுதியிருப்பது முயலைப் பொறுத்தவரை ஆபத்தான அறிவுரை. நார்ச்சத்து இடைவிடாமல் உள்ளே வந்துகொண்டிருந்தால்தான் முயலின் குடல் சீராக இயங்கும். உணவு நின்றால் குடலின் அசைவு தளர்ந்து, வாயு சேர்ந்து, அந்த வலியாலேயே அது மேலும் உண்ண மறுக்கும், பட்டினி நீண்டால் கல்லீரலில் கொழுப்பும் படியத் தொடங்கும். ஆகவே 12 மணி நேரம் எதையும் உண்ணாமலோ புழுக்கை போடாமலோ இருந்தாலே அதை அவசரநிலையாகக் கருதி, முயல்களுக்கு வைத்தியம் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். பலரும் வயிற்றையே குறை சொல்கிறார்கள்; மூல காரணம் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும் பற்களிலும் இருக்கக்கூடும்.

உண்ண மறுக்கும் முயலுக்குச் சிரிஞ்சில் கூழ் ஊட்டலாம் என்று சிலர் சொல்லும் யோசனையும் எப்போதும் சரியல்ல. வயிறு உப்பிக் கெட்டியாக இருந்தால் குடலில் அடைப்பு இருக்கலாம் என்பதால், மருத்துவர் பார்க்கும்வரை எதையும் வலிந்து ஊட்டக்கூடாது. வீட்டில் மிஞ்சிய அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் (பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து) மாத்திரையைக் கொடுப்பது அதைவிட மோசம். வாய்வழியாகப் போகும் அந்த மருந்து குடலின் நல்ல பாக்டீரியாக்களை அழித்து முயலின் உயிரையே பறிக்கக்கூடும். உடல் குளிர்ந்திருந்தால் துணியால் போர்த்தி, காய்ந்த புல்லையும் தண்ணீரையும் அருகில் வைத்தபடி உடனே கிளம்புங்கள்.