யார் வருகிறார்கள், மாமா?

(ரயில் நிலையம். நடைமேடையில் கூரை முடிந்து வெயில் தொடங்கும் கடைசி முனை. மாமனார் கையில் நோட்டு, தோளில் பை. மாப்பிள்ளையின் முகத்தில் பொறுமை. கல்யாணமாகி அதிக நாள் ஆகாததால் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.)

மாப்பிள்ளை: யாரை அழைத்துப்போக வந்திருக்கிறோம், மாமா?

மாமனார்: யாரையும் இல்லையே.

மாப்பிள்ளை: அப்படியென்றால் நீங்கள் ஊருக்குப் போகிறீர்களா?

மாமனார்: நானா? சேச்சே.

மாப்பிள்ளை: அப்புறம் யார்தான் வருகிறார்கள்?

மாமனார்: வண்டி வருகிறது, மாப்பிள்ளை.

மாப்பிள்ளை: வண்டியில்?

மாமனார்: இருப்பார்கள், ஏதோ ஆயிரம் பேர். அதெல்லாம் நமக்கு எதற்கு?

மாப்பிள்ளை: சரி... எல்லாரும் அங்கே நிழலில் உட்கார்ந்திருக்கிறார்களே, நாமும்...

மாமனார்: அங்கே உட்கார்ந்தால் பெட்டிதான் தெரியும். இன்ஜின் இங்கேதான் வந்து நிற்கும்.

மாப்பிள்ளை: (மரியாதைக்கு ஏதாவது பேச வேண்டுமே என்று) இந்த ரயிலைக் கண்டுபிடித்தது ஸ்டீவன்சன்தானே, மாமா?

(சும்மா இருந்திருக்கலாம். மாமனார் நோட்டை மூடிவிட்டார்.)

மாமனார்: எல்லாரும் இப்படிச் சொல்லிச் சொல்லியே ட்ரெவிதிக்கை மறந்துவிட்டோம். 1804, வேல்ஸ் நாட்டில் பெனிடாரன் இரும்பு ஆலை. அவருடைய நீராவி இன்ஜின் 10 டன் இரும்பை இழுத்தது. அது போதாதென்று 70 பேர் தொற்றிக்கொண்டார்கள்.

மாப்பிள்ளை: டிக்கெட் எடுத்தார்களா?

மாமனார்: முதல் ரயிலிலேயே யாரும் எடுக்கவில்லை.

மாப்பிள்ளை: நன்றாக ஓடியதா?

மாமனார்: ஜோராக ஓடியது. தண்டவாளம்தான் உடைந்தது. அந்தக் காலத்து வார்ப்பிரும்பு, இன்ஜினின் கனத்தைத் தாங்கவில்லை.

மாப்பிள்ளை: அப்படியானால் பெயில்.

மாமனார்: இன்ஜின் பாஸ், மாப்பிள்ளை. தண்டவாளம் பெயில். இது வேறு, அது வேறு. ஸ்டீவன்சன் அப்பாவும் பிள்ளையும் பெயர் வாங்கியது 1829-இல். லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் நடுவே பாதை போட்டுவிட்டார்கள். அதில் வண்டியை எது இழுப்பது என்று முடிவாகவில்லை. ரெயின்ஹில் என்ற இடத்தில் போட்டி வைத்தார்கள். பரிசு 500 பவுண்ட். வந்த ஐந்து இன்ஜினில் ஒன்று குதிரை.

மாப்பிள்ளை: குதிரைச் சக்தியா?

மாமனார்: குதிரையேதான். சைக்ளோபெட் என்று பெயர். வண்டிக்கு மேலே ஓடும் பட்டை ஒன்று, அதன்மேல் குதிரை. குதிரை நடந்தால் பட்டை நகரும், பட்டை நகர்ந்தால் சக்கரம் சுற்றும்.

மாப்பிள்ளை: குதிரையை முன்னால் கட்டியிருந்தால் வேலை முடிந்திருக்குமே?

மாமனார்: அப்படிச் செய்தால் அது வண்டி. இப்படிச் செய்தால் அது கண்டுபிடிப்பு. நடுவில் தளம் உடைந்து குதிரை உள்ளே இறங்கிவிட்டது. அதோடு சரி.

(மாப்பிள்ளையின் செல்போன் அடிக்கிறது.)

மாப்பிள்ளை: சொல்லும்மா... இல்லை, யாரும் வரவில்லை... குதிரை பலகையை உடைத்துக்கொண்டு விழுந்துவிட்டது... இல்லையில்லை, 1829-இல்... உன் அப்பா நன்றாகத்தான் இருக்கிறார். எனக்குத்தான் தலை சுற்றுகிறது.

மாமனார்: வைத்துவிட்டாளா? நல்லது. இப்போது ஸ்டீவன்சன்கள் கொண்டுவந்த இன்ஜின், ராக்கெட்டுக்கு வருவோம். கொதிகலனுக்குள் நெருப்புப் போக ஒரே பெரிய குழாயை வைப்பதுதான் அதுவரை வழக்கம். ராக்கெட்டில் 25 மெல்லிய செப்புக் குழாய்கள். புகை அத்தனையிலும் புகுந்து போகும்போது தண்ணீருக்குச் சூடு பிடிக்கும் பரப்பு கூடுகிறதல்லவா? ஒருவர் பின் ஒருவராக மற்ற நாலும் மூச்சு வாங்கி நின்றுவிட, ராக்கெட் மட்டும் மணிக்கு 48 கிலோமீட்டர் வரை தொட்டது.

(ஒலிபெருக்கி கரகரக்கிறது. எதிர்பார்க்கும் வண்டி தாமதமாக வருமாம்.)

மாப்பிள்ளை: அந்த ராக்கெட்டையே அனுப்பியிருக்கலாம்.

மாமனார்: தாமதம் என்று திட்டுகிறீர்களே, அந்த மணிக் கணக்கே ரயில் கொடுத்ததுதான். அதற்கு முன்னால் ஊருக்கு ஊர் சூரியனைப் பார்த்து வைத்த தனி மணி. லண்டனில் பன்னிரண்டு அடித்தால் பிரிஸ்டலில் இன்னும் பத்து நிமிடம் பாக்கி. ஒரு கால அட்டவணையை எப்படிப் போடுவது? 1840-இல் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே தன் பாதை முழுவதற்கும் லண்டன் மணிதான் என்று சொல்லிவிட்டது. பிரிஸ்டலில் ஒரு கடிகாரத்துக்கு இன்றைக்கும் இரண்டு நிமிட முள்: ஊருக்கு ஒன்று, லண்டனுக்கு ஒன்று. அமெரிக்காவில் 1883 நவம்பர் 18, ரயில்வேக்காரர்கள் கடிகாரங்களை ஒருசேரத் திருத்தினார்கள். சில ஊர்களில் அன்றைக்கு மதியம் பன்னிரண்டு மணி இரண்டு தடவை வந்தது!

மாப்பிள்ளை: ஊரார் கடிகாரத்தையெல்லாம் திருத்திவிட்டு, இது மட்டும் எப்போது திருந்துமாம்?

மாமனார்: (சற்று யோசித்து) அது வேறு இலாகா.

(பையில் கைவிடுகிறார். வாயோடு வாய் வைத்து ஒட்டிய இரண்டு காகிதக் கோப்பைகள், இரண்டு நீளக் குச்சிகள்.)

மாப்பிள்ளை: இதையெல்லாமா தூக்கிக்கொண்டு திரிகிறீர்கள்?

மாமனார்: குடையை மறப்பேன், இதை மறக்கமாட்டேன். குச்சிகளைத் தண்டவாளம் மாதிரி பிடியுங்கள். சாய்வாக. இப்போது சொல்லுங்கள்: வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். ஆனால் ரயில் சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் இறுகியவை, தனித்தனியாகச் சுற்றாது. எப்படித் திரும்புகிறது?

மாப்பிள்ளை: சக்கரத்தின் உள்பக்கம் விளிம்பு இருக்கிறதே, அது தடுத்துத் திருப்பும்.

மாமனார்: ரயிலில் ஏறுகிறவர்கள் எல்லாரும் சொல்கிற பதில். விளிம்பு ஆபத்துக்கு உதவ. பெரும்பாலும் வேலை செய்வது சக்கரத்தின் சரிவு. உள்பக்கம் பருமன், வெளிப்பக்கம் ஒல்லி. பாருங்கள்.

(கோப்பைகளைக் குச்சிகள்மேல் கொஞ்சம் கோணலாக வைத்து விடுகிறார். அவை வலப்பக்கம் ஒதுங்குகின்றன, தாமாகவே இடப்பக்கம் திரும்புகின்றன, இரண்டு ஆட்டம் ஆடி நடுவுக்கு வந்து முனைவரை ஓடுகின்றன.)

மாமனார்: எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கம் பருத்த பாகம் தண்டவாளத்தில் ஏறும். பருத்தது ஒரு சுற்றில் அதிக தூரம் போகும். அது முந்திப் போவதால் அச்சு தானாக மறுபக்கம் திரும்பிவிடும். ஓட்டுநருக்கு ஸ்டியரிங்கே கிடையாது. இந்தாருங்கள், இன்னொரு ஜோடி. இது அடியோடு அடி ஒட்டியது.

(உருட்டுகிறார். அரை முழம் போவதற்குள் கீழே விழுகிறது.)

மாப்பிள்ளை: முதல் ஜோடியை இன்னொரு தடவை விடுங்கள்... இன்னும் கோணலாக வைத்துப் பார்க்கலாமா?... அட! மாமா, குச்சியை நீங்கள் பிடியுங்கள், நான் விடுகிறேன்.

(தூரத்தில் ஹாரன். எதிர்பார்த்த வண்டி அல்ல, சரக்கு வண்டி. நிற்காமல் தடதடவென்று கடக்கிறது. இரண்டு பேரின் உதடும் அசைகின்றன. கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு மறைகிறது.)

மாமனார்: ஐம்பத்தெட்டு.

மாப்பிள்ளை: ஐம்பத்தொன்பது.

மாமனார்: கார்டு பெட்டியைச் சேர்த்துவிட்டீர்கள்.

மாப்பிள்ளை: அதற்கும் சக்கரம் இருக்கிறதே!

மாமனார்: அதைச் சேர்க்கக் கூடாது. அதில் சரக்கு ஏற்றுவதில்லை.

மாப்பிள்ளை: சரக்கைக் கேட்டீர்களா, பெட்டியைக் கேட்டீர்களா? ஐம்பத்தொன்பதுதான், மாமா. நோட்டில் அப்படியே எழுதுங்கள்.

மாமனார்: நீங்கள் இப்படி எண்ணுகிறவர் என்று முன்பே தெரிந்திருந்தால் பெண்ணே கொடுத்திருக்க மாட்டேன்!