தடை அமைப்புக்குத்தான்

"2006க்குப் பிறகு கனடாவிலிருந்து ஈழத்து மனித உரிமை வேலைக்குப் பணம் சேர்ப்பதே குற்றம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. அந்த ஆண்டு கனடா தன் பயங்கரவாதத் தடைப் பட்டியலில் சேர்த்தது விடுதலைப் புலிகளை. 2008இல் உலகத் தமிழர் இயக்கத்தை. இந்தத் தடையின்படி, பட்டியலில் உள்ள அமைப்புக்குப் பணம் போவதுதான் குற்றம். காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கான வழக்குச் செலவுக்குத் தருவதை அந்தத் தடை தடுக்கவில்லை.

ஆனால் இலங்கையின் பட்டியல் வேறு. 2014இல் பல புலம்பெயர் அமைப்புகளை அது சேர்த்தது, 2015இல் சிலவற்றை நீக்கியது, 2021இல் மறுபடி சேர்த்தது, 2022இல் சிலவற்றை மீண்டும் நீக்கியது. (ஆட்சி மாறினால் பட்டியலும் மாறும் போல!) அதனால் சிக்கல் பெரும்பாலும் அங்கே பணத்தைப் பெறுபவருக்குத்தான். அப்புறம், வரிச்சலுகை ரசீது வேண்டுமென்றால் பதிவுபெற்ற அறக்கட்டளையா என்று கனடா வருவாய் முகமையின் தளத்திலேயே பார்க்கலாம். ரசீது தர முடியாத அமைப்பு என்பதாலேயே அது சட்டவிரோதம் ஆகிவிடாது.