சாம்பல் வானத்தை யார் மாற்றச் சொன்னது?

இன்று காலையில் காலண்டர் வந்தது. டிசம்பர் பக்கத்தைப் புரட்டியவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தனுஷ்கோடி தேவாலயத்துக்கு மேலே ஆரஞ்சு வானம்! பஞ்சுப் பொதி மாதிரி மேகம், நடுவில் தாம்பாளம் அளவுக்கு ஒரு சூரியன். அது எந்த ஊர் வானமோ தெரியாது. எங்கள் ராமநாதபுரம் கடற்கரை வானம் இல்லை, சத்தியமாக இல்லை.

நான் கொடுத்த படத்தில் சூரியனே கிடையாது. மழைக்காலத்தில் மூன்று நாள் போய் நின்று எடுத்த படம். ஈயம் பூசின மாதிரி வானம். 1964 டிசம்பர் 22 ராத்திரி வந்த புயல் அந்த ஊரையே துடைத்துக்கொண்டு போனது. ஆட்களோடு வந்த ரயிலையும் கடல் விடவில்லை. அந்த மாதத்துப் பக்கத்துக்கு இந்த வானம்தான் வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லித்தான் ஃபைலைக் கொடுத்தேன்.

போன் போட்டால் எடிட்டிங் தம்பி சொல்கிறார்: "வானம் டல்லா இருந்துச்சுண்ணே, மாத்திட்டேன். ஒரே கிளிக்குதான்."

ஒரே கிளிக்! சரி, அந்த ஒரு கிளிக் செய்த வேலையைப் பார்ப்போம். அத்தனை பெரிய சூரியன் இருந்தும் தரையில் ஒரு நிழல் இல்லை. பவளக்கல் சுவரின் இடிந்த விளிம்பு நெடுக வெள்ளைக் கோடு, சுண்ணாம்பால் இழுத்துவிட்ட மாதிரி. இடிந்த ஜன்னல் வழியாகப் பார்த்தால் என்னுடைய பழைய சாம்பல் வானம் அப்படியே நிற்கிறது! சுவருக்கு மேலே ஆரஞ்சு, ஜன்னலுக்குள் சாம்பல். கீழே தேங்கிய மழைத்தண்ணீரில் தெரிகிற வானமும் சாம்பல்தான். அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒருவர்கூடவா இதைப் பார்க்கவில்லை?

நான் கொடுத்தது 14 பிட் ரா ஃபைல், கேமரா பிடித்ததைக் குறைக்காமல் வைத்திருக்கிற ஃபைல். ஒவ்வொரு நிறத்துக்கும் இருட்டிலிருந்து வெளிச்சம் வரைக்கும் 16,384 படி. ஹைலைட் என்கிற வெளிச்சப் பகுதியைக் கொஞ்சம் இறக்கி, ஷேடோ என்கிற இருட்டுப் பகுதியைக் கொஞ்சம் தூக்கினால் போதும், கருமேகத்தின் மடிப்பெல்லாம் தானே எழுந்து வரும். தம்பி முதல் வேலையாக அதைச் சுருக்கி ஜேபெக் ஃபைல் ஆக்கியிருக்கிறார். மிச்சம் 256 படி. அதன்மேல் சாச்சுரேஷன் என்கிற நிற அடர்த்தியைக் கோடி வரைக்கும் இழுத்துவிட்டதில் மணல் மஞ்சள்தூள் கொட்டின மாதிரி கிடக்கிறது. விளிம்புகளை எடுப்பாக்கிக் காட்டுகிற கிளாரிட்டியையும் ஏற்றித் தள்ளியிருக்கிறார். சுற்றிப் பார்க்க வந்தவர்கள் சுவரில் ஆணியால் கீறிவிட்டுப் போன பெயர்கள் எல்லாம் இப்போது கல்வெட்டு மாதிரி பளிச்சென்று தெரிகின்றன.

அந்தக் கிறுக்கலை அழிக்கத் தோன்றவில்லை. இடது ஓரத்தில் இருந்த ஓலைக் குடிசையை அழித்திருக்கிறார்! கேட்டால், "கண்ணை உறுத்துச்சுண்ணே."

தம்பி, அது ஒரு வீடு. அங்கே ஆள் இருக்கிறார்கள். வாசலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஆத்தாதான் அந்த மூன்று நாளும் எனக்கு வரக்காப்பி கொடுத்தது. "காலண்டர்ல என் வீடும் வருமாப்பா?" என்று கேட்டது. "கட்டாயம் வரும் ஆத்தா, ஒண்ணு கொண்டாந்து தர்றேன்" என்று நான்தான் சொன்னேன். புயல் கொண்டுபோன இடத்தில் திரும்பக் குடிசை போட்டு உட்கார்ந்திருக்கிற சனம். அந்தக் குடிசை இருந்த இடத்தில் இப்போது பக்கத்து மணலை வெட்டி ஒட்டியிருக்கிறது. ஒரே மணல் மேடு இரண்டு தடவை வருகிறது.

இந்தக் காலண்டரை அதன் கையில் எப்படிக் கொடுப்பேன்? கொடுக்க மாட்டேன். ஒரிஜினலை நானே திருத்தி, பெரிதாகப் பிரிண்ட் போட்டு, ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு போகிறேன். அதையும் மடங்காமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தனுஷ்கோடி பஸ்ஸில் ஒற்றைக்காலில் நிற்கக்கூட இடம் இருப்பதில்லை. அத்தனை கூட்டம் வருகிறது என்று தெரிந்தும் இன்னொரு பஸ் விட்டால் என்ன குறைந்துபோகும்?